திருப்பி அனுப்பிய தேயிலை

மாதா துணை

குருநகர்,
13.3.1986

என் அன்பு மகள் யசிந்தாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் பெர்னடெட் மாமியும் அவளின் பிள்ளைகளும் மாதாவின் இரக்கத்தால் இன்று வரை சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பூசையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் நோ இன்னும் விட்டபாடில்லை, கடலுக்குப் போவதை நிறுத்தி வாசலில் இருந்து கிழிந்த வலை பொத்துகிறார், மிச்ச நேரத்தில் என்னை ஏசுவதை ஒரு தொழிலாக வைத்திருக்கிறார். செபநாயகம் மாஸ்டரிடம் நீ கொடுத்துவிட்ட பார்சலும் கடிதமும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன. சட்டைத்துணி நல்ல நிறம், அப்பாவின் தைலமும் கிடைத்தது, அன்று பின்னேரமே பூசிக்கொண்டு வீடு முழுக்க மணக்கப்பண்ணிவிட்டார். இரண்டு பைக்கற் குடைமார்க் தேயிலையும் கிடைத்தது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை முதலில் நானே வாசித்தேன், பிறகு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா உந்தத் தேயிலை அலுவலை விடுங்கோ, இவரைக் குடைமார்க் கம்பனி மனேச்சர் கூப்பிட்டு அந்தக் குருநகர்க் கலாதிக்காரி உம்மடை மாமியாமே எண்டு கேட்டிருக்கிறார், வேலை போனால் நாங்கள் எங்கை போறது என்று எழுதியிருக்கிறாய். அதுவரைக்கும் எனக்குக் கோபம் வரவில்லை. கடைசியில் எழுதினாயே, நீங்கள் உதை விடாட்டில் பிள்ளைப்பேற்றுக்கு வரவேண்டாம் என்று, அந்த இடத்தில் அப்பா வலையைக் கீழே போட்டுவிட்டு எழும்பி உள்ளே போய்விட்டார். நான் அழுதேன். பொய் சொல்லவில்லை, நல்லாக அழுதேன். அதை நீயாக எழுதினாயா மருமகன் சொல்லி எழுதினாயா என்று கேட்கமாட்டேன். கையெழுத்து உன்னுடையதுதான், உன் எழுத்தை எனக்குத் தெரியாதா.

நீ மனேச்சர் சொன்ன கதையை மட்டும் கேட்டிருக்கிறாய், ஆனபடியால் நான் முதலில் இருந்து சொல்கிறேன், பொறுமையாக வாசி. என் தம்பி, பெர்னடெட்டின் புருசன், உன் சின்னமாமா நீக்கிலாப்பிள்ளை, போன கார்த்திகை மாதம் நண்டுவலை எடுக்கத் தனியாகப் போனான். கொழும்புத்துறைப் பக்கத்துக் கடலில் வெடிச்சத்தம் கேட்டது, அவன் திரும்பவில்லை. யார் சுட்டது என்று நான் இதில் எழுதவில்லை, இந்தக் கடிதம் எத்தனை கை தாண்டி உன்னிடம் வருமோ தெரியாது. மூன்றாம் நாள் உடலைத் தந்தார்கள், அடக்கம் செய்தோம், பாதை பூட்டிக் கிடந்ததால் உன்னால் வரமுடியவில்லை, அதற்கு நான் உன்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அடக்கம் முடிந்து ஒரு கிழமையில் கொழும்பில் இருந்து அந்தப் பேப்பர் வந்தது. பெயரை எழுதி என் பேனையை அழுக்காக்க மாட்டேன். மாமாவின் வள்ளத்தை ஏதோ ஒரு இறங்குதுறையில் இழுத்து வைத்துப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள், கீழே ஆயுதம் கடத்திய பயங்கரவாதியின் வள்ளம் என்று அடித்திருந்தார்கள். பங்குச் சுவாமிதான் அதை வாசித்துத் தமிழில் சொன்னார். இருபத்தெட்டு வருசம் நண்டும் திரளிமீனும் தவிர வேறொன்றும் ஏற்றாத வள்ளம் பிள்ளை அது. அதே பக்கத்தில், அந்தப் படத்துக்கு நேர் கீழே, அரைப் பக்கத்துக்குக் குடைமார்க் தேயிலை விளம்பரம். ஒரு பெண் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள், ஒரு மிடறு குடித்தால் மனம் ஆறுமாம்.

சுவாமி அந்தப் பேப்பருக்கு மூன்று கடிதம் போட்டார், இவர் கடற்றொழிலாளி, சங்கத்தில் அங்கத்தவர், தயவுசெய்து திருத்திப் போடுங்கள் என்று. ஒரு வரி பதில் இல்லை. ஏன் வரும்? அவர்களுக்கு நாங்கள் யார், நாங்கள் அந்தப் பேப்பரை வாங்குவதும் இல்லை வாசிப்பதும் இல்லை. ஆனால் குடைமார்க் கம்பனிக்கு எங்களை நல்லாகத் தெரியும். இங்கே கடலுக்குப் போகிற ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு போத்தல் தேத்தண்ணி போகிறது, வலை பொத்துகிற இடத்தில் தேத்தண்ணி, செத்தவீட்டில் தேத்தண்ணி, கலியாணத்தில் தேத்தண்ணி, எல்லாம் குடைமார்க். இது எனக்கு வந்த யோசனை என்று உன் மனேச்சர் நினைக்கிறார் போல, இல்லை, இது பெர்னடெட்டுக்கு வந்த யோசனை. மாமாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சனம் அவள் வீட்டுக்கு வந்திருந்தது, நான் குசினியில் கேத்திலை வைத்துவிட்டுப் பைக்கற்றை உடைக்கப் போனேன், அவள் வந்து என் கையைப் பிடித்தாள். மச்சாள், உதை என்ரை வீட்டிலை ஊத்தவேண்டாம், உவை குடுக்கிற விளம்பரக் காசிலைதான் அந்தப் பேப்பர் அவரைப் பயங்கரவாதி எண்டு அடிச்சது என்றாள். அன்று வந்த அவ்வளவு பேருக்கும் மல்லிக்கோப்பி கொடுத்தேன். ஏன் தேத்தண்ணி இல்லை என்று கேட்டவர்களுக்கு ஏன் என்று சொன்னேன். அடுத்த கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் குடைமார்க் இல்லை, அதற்கு அடுத்த கிழமை பங்கு முழுக்க இல்லை.

கிறகோரி அண்ணையின் கடையில்தானே குடைமார்க் ஏசென்சி, பெட்டி பெட்டியாக இறக்கி வைத்தவர் பாவம், என் வாசலில் வந்து நின்று கத்தினார், யோசப்பின் நீ என்ரை வயித்திலை அடிக்கிறாய் எண்டு. நான் கதிரை எடுத்துப் போட்டு இருக்கச் சொன்னேன், பேப்பரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். மாமாவோடு சின்னனில் இருந்து ஒன்றாகத் திரிந்த மனிசன், படத்தைப் பார்த்தார், பேப்பரை மடித்து என்னிடம் தந்துவிட்டு எழும்பிப் போனார். அன்று பின்னேரம் பெட்டியை எல்லாம் திருப்பி லொறியில் ஏற்றிவிட்டார். உன் சிநேகிதி அருந்ததியின் தாய் குணலட்சுமி அக்கா மருதனார்மடத்தில் மரக்கறி விற்கிறாவே, அவவுக்கு நான் இதைச் சொன்னேன். மச்சம் மாமிசம் வாயில் வைக்காத மனிசி, மீன்கூடை பக்கத்தில் வந்தாலே மூக்கைப் பொத்துகிற ஆள், அவ கேட்டா, உழைச்சுத் திண்ட மனிசனை உப்பிடி எழுதுறதோ, எங்கடை சந்தைக்குள்ளையும் உந்தக் குடை விரியாது எண்டு. விரியவும் இல்லை. சில பெடியள், எந்தப் பெடியள் என்று உனக்கு விளங்கும், வந்து, அம்மா நாங்கள் கடையளுக்கு ஒரு அறிவித்தல் குடுக்கிறம், ஒருத்தனும் விக்கான் என்றார்கள். அவர்களுக்கும் சொன்னேன், தம்பிமார் உங்களைக் கும்பிட்டன், உதிலை கை வையாதேங்கோ, பயத்திலை ஒருத்தரும் தேயிலையை விடக்கூடாது என்று. இதையும் உன் மனேச்சருக்குச் சொல்லச் சொல்லு மருமகனிடம். ஒருவரையும் ஒருவரும் மிரட்டவில்லை, பெண்கள் தங்கள் குசினிக்குள் எதை வைப்பது என்று தாங்களே தீர்மானித்தார்கள், அவ்வளவுதான்.

தை மாதம் கம்பனிக்கு நாங்கள் ஒரு கடிதம் எழுதினோம். பேப்பரை மூடச் சொல்லவில்லை, நீக்கிலாப்பிள்ளை கடற்றொழிலாளி என்று அவர்கள் திருத்திப் போடும் வரைக்கும் உங்கள் விளம்பரத்தைக் கொடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டோம். பதில் வந்தது, நாங்கள் இடத்தை வாங்குகிறோம், மற்ற இடத்தில் என்ன அச்சடிக்கிறார்கள் என்பது எங்கள் பொறுப்பு இல்லையாம். கூடவே ஒரு கலண்டர், அதே சிரிக்கிற பெண். அப்பா அதை வலைக்கொட்டிலில் பின்பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறார், கணக்கு எழுத வெள்ளைத்தாள் கிடைத்தது என்று. போன மாதம் கடைசியில் ஒரு கம்பனி ஆள் நேரில் வந்தார், நல்ல மரியாதையான தம்பி. பெர்னடெட்டுக்கு ஒரு தையல் மிசின், எங்கள் யாகப்பர் கோயில் திருவிழாவுக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும், எல்லாம் கம்பனி தருமாம், இந்த அலுவலை மறந்துவிட வேண்டுமாம். பெர்னடெட் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. பேப்பரை அவர் மடியில் வைத்து, வள்ளத்திலை எழுதியிருக்கிற நம்பரை ஒருக்கால் வாசியுங்கோ தம்பி என்றாள். படத்திலேயே நல்லாகத் தெரிகிறது, அவர் வாசித்தார், இரண்டு ஏழு ஒன்று ஏழு. பிறகு சங்கத்துப் பதிவுப் புத்தகத்தை விரித்து வைத்தாள். 2717, மரியான் நீக்கிலாப்பிள்ளை, நண்டுவலை. உதை வாசிக்க அந்தப் பேப்பர்க்காரருக்குக் கண் இல்லையோ தம்பி என்று கேட்டாள். அவருக்கு முகம் செத்துப் போனது. நான் கொடுத்த மல்லிக்கோப்பியைக் குடித்துவிட்டு, நான் போய்ச் சொல்லுறன் அம்மா என்று போனார். அவர் போய்ச் சொன்னாரோ இல்லையோ தெரியாது, அதற்குப் பிறகுதான் மருமகனை மனேச்சர் கூப்பிட்டது. இங்கே எங்களை அசைக்க முடியாது என்று கண்டுதான் உன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள், அது உனக்கு விளங்கவேண்டும்.

மகள், எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. மருமகன் நல்ல பிள்ளை, ஓடி ஓடி உழைக்கிறவர், அவருக்கு வேலை போனால் நான் எந்த முகத்தோடு சம்பந்தி வீட்டாரைப் பார்ப்பேன். எண்பத்து மூன்று கலவரத்தில் நீ கொட்டாஞ்சேனையில் ஒளித்திருந்த அந்தப் பத்து நாளும் நான் இங்கே எப்படி இருந்தேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும், கொழும்பில் எங்கள் ஆட்கள் குரல் உயர்த்தாமல் இருப்பது ஏன் என்று எனக்கு விளங்கும். நீ குரல் உயர்த்த வேண்டாம். ஆனால் என்னை வாயை மூடச் சொல்லாதே. நான் இதை விட்டால் பெர்னடெட்டின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் பாஸ் எடுக்கவும் உத்தியோகத்துக்கும் போகிற இடமெல்லாம் அந்தப் படம் அவர்களுக்கு முன்னால் போய் நிற்கும். அவர்களின் தகப்பனை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க என்னால் ஏலாது, அவன் செய்த தொழிலின் பெயரையாவது வாங்கிக் கொடுப்பேன். நான் விடமாட்டேன். சிலர் இதைத் தவக்காலத்து ஒறுத்தல் என்று பகிடி பண்ணுகிறார்கள், பெரிய வெள்ளிக்கு முடிகிற ஒறுத்தல் இல்லை இது, நல்லாகக் கேட்டுக்கொள்.

உன் உடம்பைக் கவனி. ஏழாம் மாதம், தண்ணி வாளி தூக்காதே, மாடிப்படி அடிக்கடி ஏறாதே, கால் வீங்கினால் டொக்டரிடம் சொல்லு, சின்னமீன் கிடைத்தால் சொதி வைத்துக் குடி. பிள்ளைப்பேற்றுக்கு வரவேண்டாம் என்றாய். நான் வைகாசி முதல் கிழமை சரக்குத்தூளும் நல்லெண்ணெயும் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன், பாதை பூட்டினால் திறக்கும் மட்டும் இருப்பேன், வந்து உன் கேற்றுக்கு முன்னால் நிற்பேன், திறக்காமல் இருக்க உனக்கு மனம் வந்தால் பார்ப்போம். உன் தேயிலை இரண்டு பைக்கற்றையும் கட்டு உடைக்காமல் இதோடு திருப்பி அனுப்புகிறேன், கோபிக்காதே, கம்பனி மருமகனுக்குச் சும்மா கொடுத்ததுதானே, திருப்பிக் கொடுத்தாலும் நட்டமில்லை. திருத்தம் அச்சில் வருகிற அன்று என் கையால் அவருக்குக் குடைமார்க் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறேன், சீனி கூடப் போட்டு.

இன்னொன்று. கம்பனிக்கு இரண்டாவது கடிதம் எழுதியிருக்கிறோம், செபநாயகம் மாஸ்டர் திங்கட்கிழமை கந்தோரில் நேரே கொடுப்பார், அதற்கு முன் உன்னிடம் கொண்டுவருவார். இந்த முறை ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டு வள்ளத்தின் நம்பரைத் தன் கையால் எழுதிப் பக்கத்தில் கையெழுத்து வைத்திருக்கிறாள், எழுதத் தெரியாதவர்கள் எழுதப் பழகிக்கொண்டு வைத்தார்கள். இருநூற்றுப் பதினாலு வள்ளம். பெர்னடெட் தன் தகப்பனின் வள்ளத்துக்கு வைத்துவிட்டாள், மாமாவின் வள்ளத்துக்கு வைக்கமாட்டாளாம், அது யசிந்தாதான் வைக்கவேணும் மச்சாள் என்றாள். ஏன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, நீ அந்தப் படத்தைப் பார்க்காதபடியால் ஒன்று மட்டும் சொல்கிறேன். உனக்குப் பதினாலு வயது, நம்பர் எழுத மாமா ஆள் தேடினபோது நான் எழுதுறன் என்று பிரஷையும் வெள்ளைப் பெயின்ரையும் பறித்துக்கொண்டு போனாயே, ஏழு இரண்டும் கோணிக்கொண்டு விழுந்தது, அழித்து நேராக எழுதச் சொன்னவர்களுக்கு அவன் உது நான் ஞானஸ்நானத்திலை ஏந்தின என்ரை ஞானப்பிள்ளையின்ரை எழுத்து, கோணினாலும் கிடக்கட்டும் என்றான், வருசா வருசம் அதன் மேலேயே தடவினான். பேப்பரில் வந்த படத்தில் தெரிகிறது உன் எழுத்துத்தான் மகள். பயங்கரவாதியின் வள்ளம் என்று அவர்கள் அடித்தது உன் ஏழுக்குக் கீழேதான். கடைசித் தாளில் கடைசி வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன். மருமகன் கையெழுத்து வைக்கவேண்டாம், அவரை இதில் இழுக்கமாட்டேன். நீயும் வைக்காவிட்டால் கிழிக்காமல் மாஸ்டரிடம் திருப்பிக் கொடு, மற்றப் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. வைப்பதென்றால் முதலில் நம்பரை எழுது, வடிவாக எழுத முயலாதே, பழையபடியே எழுது.

ஆண்டவரும் மாதாவும் உன்னையும் மருமகனையும் பிறக்கப் போகிற பிள்ளையையும் தங்கள் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். அப்பா உன் நெற்றியில் சிலுவை போட்டு விடச் சொன்னார், தூரத்தில் இருந்தே போடுகிறேன். மருந்தை மறக்காதே. பேனை மாஸ்டரின் பொக்கற்றில் இருக்கும்.

உன் அம்மா,
யோசப்பின்
வள்ளம் 1093