இமை வைத்த மீன்

12-8-72, சனி.

மீன் நாற்றம் தாங்காத ஸ்டான்லி மீன்காரர்களின் வாழ்க்கையைப் படம் எடுக்கிறான். அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து காமிரா அனுப்பிவிட்டார்; அதனால் எங்கள் கல்லூரிக்கே அவன்தான் டைரக்டர். கூடையில் வைக்க நாறாத வஞ்சிரம் ஒன்று செய்து தரச் சொன்னான். பழைய பேப்பரைக் கூழாக்கி, மைதாப் பசை சேர்த்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, ஒரு வாரம் மெனக்கெட்டேன்.

இன்று தாம்பரம் மார்க்கெட்டில் படப்பிடிப்பு. மீன் விற்கும் கன்னியம்மா அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“இன்னா கண்ணு, இது தூங்கிகினு கீது? மீனுக்கு ஏது இமை?”

செத்த மீன்தானே என்று கண்ணை மூடி வைத்திருந்தேன். மார்க்கெட்டே சிரித்தது. ஸ்டான்லி மட்டும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “பிரமாதம் மச்சான்! இது மரணத்தோட சிம்பல். அப்படியே இருக்கட்டும்” என்றான். ஊர் சிரித்ததைவிட அந்த முட்டாள் பாராட்டியதுதான் எரிகிறது.

வீட்டுக்கு வந்து பிளேடால் இமைகளைச் சுரண்டினேன். அதற்குமேல் கண்ணை எப்படி வரைவது என்று தெரியவில்லை. வாரம் தவறாமல் மீன் தின்கிறேன். ஒரு மீனின் முகத்தையாவது பார்த்திருக்கிறேனா? நானும் ஒரு கலைஞன்! காலையில் அந்த அக்காவிடம்தான் போய் நிற்க வேண்டும், ஸ்டான்லிக்குத் தெரியாமல்.