முப்பத்தேழாம் எண் சட்டை

அடி வாலு,

உன் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறாய். அந்த வரிகளை விட்டுவிட்டுத்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பாத்தியா, புள்ள அங்க பொருந்திட்டா" என்று படுத்தபடியே சிரித்தாள்.

விடுதியில் முதல் மாதம் எல்லோரும் அழுவார்களாம். உனக்கு விண்ணப்பம் வாங்கப் போனபோது வார்டன் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு வாங்கியபோதும் அதையேதான் சொன்னார். அந்த வாரம்தான் அம்மா படுக்கையில் விழுந்தாள்; விண்ணப்பம் நிரப்பாமலே கிடக்கிறது.

சலவையில் மாறாமல் இருக்க, உன் துணியிலெல்லாம் சிவப்பு நூலால் உன் விடுதி எண் முப்பத்தேழைத் தைத்தேன் அல்லவா? தையல் கடையில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து தைத்தேன். கண்ணெல்லாம் தூக்கம். உன் வெள்ளைச் சட்டைகளோடு என் சட்டை ஒன்றும் கலந்திருந்ததைக் கவனிக்கவில்லை. நேற்று அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். காலர் தைக்கும் அக்கா கழுத்துப் பட்டியில் எண்ணைப் பார்த்துவிட்டு, "ஏன்டி ஊமைக்கோட்டான், எங்களுக்குத் தெரியாம நீயும் ஹாஸ்டல்ல சேந்துட்டியா?" என்றார். கடையே சிரித்தது. நூலைப் பிரிக்கக் கத்தரியை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன்னைக் கூட்டி வர மாட்டேன், கோபித்துக்கொள். அந்தச் சட்டையில்தான் வருவேன். உன் கட்டில், நீ உட்காரும் பெஞ்சு, எல்லாவற்றையும் எனக்கு நிதானமாகக் காட்டு.

இப்படிக்கு,
உன் அக்கா