மூக்கனுக்கு வந்த சோதனை

என் வீட்டுக்காரிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? சின்னவள் அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

போன மாதக் காய்ச்சல் போய்விட்டது. போகும்போது வாசனையையும் கொண்டுபோய்விட்டது. பதறாதே, திரும்பி வரும் என்கிறார் டாக்டர். கம்பெனியின் முதல் காபிக்கடையில் மேசை துடைத்தவனை இத்தனை கடைகளுக்கும் தலைவனாக்கியது இந்த மூக்குதான். இன்றும் என் முதுகுக்குப் பின்னால் மூக்கன் என்றுதான் சொல்கிறார்கள். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நேற்று ஒரு வேடிக்கை. புதிய காபியை ருசி பார்க்கக் கூடியிருந்தோம். ஒரு வாய் குடித்தேன். கசந்தது; எந்தக் காபிதான் கசக்காது? "அருமை" என்றேன். சுற்றியிருந்த அத்தனை பேரும் "அருமை" என்றார்கள்.

கூட்டம் முடிந்ததும் கொட்டை வறுக்கும் பிரிவின் மேலாளர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"சார், அது கருகிப்போன கொட்டை. நீங்க துப்பிடுவீங்கன்னுதான் வெச்சேன்."

சிரித்துவைத்தேன். "தெரியும்யா. யாராவது வாயத் திறக்கறாங்களான்னு பாத்தேன்."

அவரும் சிரித்தார். "நானும் அப்படித்தான் நெனச்சேன், சார். நாளைக்கும் ஒரு கப் வைக்கிறேன்."

அவ்வளவுதான், பெரிதாக ஒன்றுமில்லை. இங்கே குளிர் அதிகம், இரண்டு பனியன் அனுப்பு. அதோடு நீ கட்டிய சேலை ஒன்றையும் வை. பழையதே போதும்.

வாசலில் கார் வந்துவிட்டது. மேசையில் கப் வைத்திருப்பார்கள். சேலையைத் துவைத்துவிடாதே.

உன் மூக்கன்