குடைக்காரருக்கு நான் இட்ட இரண்டு மதிப்பெண்ணை ரத்து செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
திருகாணித் தொழிற்சாலையின் தரப் பரிசோதகர்,
(விளையாட்டில் ‘அங்குலம்’ என்ற வாள்வீரர், ஐம்பத்தெட்டாம் லெவல்),
சலவைக் கடைக்கு மேல் மாடி வீடு.

பெறுநர்:
உயர்திரு மேலாளர் அவர்கள்,
பாத்திரச் சமநிலைப் பிரிவு,
‘ஏழு கோட்டை’ விளையாட்டு நிறுவனம்.

பொருள்: குடைக்காரர் வகையை நீக்கும் முடிவை நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் நான் அனுப்பிய நாற்பத்தொரு பக்க மதிப்பீட்டு அறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் விளையாட்டை நானும் என் மனைவியும் மைத்துனரும் இரண்டு ஆண்டுகளாக ஆடி வருகிறோம். மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுநர். அவருடைய தம்பியான மைத்துனர் பேக்கரியில் ரொட்டி சுடுபவர். மாலை ஆறரைக்கு மூவரும் எங்கள் கூடத்தில் கூடிவிடுவோம். சோபாவில் இருவர்தான் உட்கார முடியும், மைத்துனருக்குத் தரை. அவர் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை என்பதால் நானும் இங்கே குறையாக எழுதவில்லை. மொத்தத்தில் நன்றாகவே இருக்கிறோம்.

2. நான் வாள்வீரர், மைத்துனர் வில்லாளி, மனைவி அறுபத்தோராம் லெவல் குடைக்காரர். குடைக்காரருக்கு ஆயுதம் கிடையாது, ஒரு பெரிய குடை மட்டுமே. அதன் கீழ் நிற்பவர்கள்மேல் அம்பு, நெருப்பு, விஷ மழை எதுவும் விழாது. குடையைப் பிடித்தபடி அவர் மெதுவாக நடக்கலாம், ஓட முடியாது. எதிரே வந்து கடிப்பதைத் தடுக்கவும் வழியில்லை.

3. ஒவ்வொரு பாத்திர வகையையும் மதிப்பிட்டு எழுதும்படி சென்ற மாதம் வீரர்களைக் கேட்டிருந்தீர்கள். என்னைப் போன்றவனிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது. பதினெட்டு வருடமாகத் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அளந்து, தேறாததை ஒதுக்குவது என் வேலை. அளக்கச் சொன்னால் கை துறுதுறுக்கும். மனைவி பணிக்குப் போயிருந்த என் விடுமுறை நாளில், பயிற்சித் திடலில் ஒரு குடைக்காரரைத் தன்னந்தனியாக நிறுத்தி அளந்தேன். குடையால் அவர் அடிக்கும் ஓர் அடிக்கு எதிரிக்கு நான்கு புள்ளிதான் குறைகிறது. ஓர் ஓநாயைக் கொல்ல அவருக்குப் பதினோரு நிமிடம் தேவை. அதுவரை அவர் உயிரோடு இருப்பதில்லை. இருபது சண்டையில் பத்தொன்பதில் இறந்தார். இருபதாவதில் ஓநாய் சலித்துப்போய்த் திரும்பிவிட்டது. பத்துக்கு இரண்டு போட்டு, ‘எப்பயன்பாட்டுக்கும் தேறாது’ என்று எழுதி அனுப்பினேன். அன்று எனக்கு மிகத் திருப்தியாக இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

4. கடந்த வாரம் தங்கள் அறிவிப்பு வந்தது. ‘நாற்பத்தொரு பக்க விரிவான ஓர் அறிக்கையின் அடிப்படையில்’ வரும் ஒன்றாம் தேதி குடைக்காரர் வகை நீக்கப்பட்டு, அனைவரும் வில்லாளிகளாக மாற்றப்படுவார்கள் என்று இருந்தது. மனைவி அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, “யாரோ வேலைவெட்டி இல்லாதவன் நாப்பத்தொரு பக்கம் எழுதியிருக்கான் பாருங்க” என்றார். மைத்துனர் என்னைப் பார்த்தார். அறிக்கைக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தவர் அவர். வேறு வழியின்றி ஒப்புக்கொண்டேன். மனைவி சண்டை பிடிக்கவில்லை. “நான் குடை பிடிச்சப்போ நீங்க ரெண்டு பேரும் எங்க நின்னீங்கன்னு எழுதினீங்களா?” என்று மட்டும் கேட்டார். எழுதவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

5. எனவே மறு அளவு எடுத்தேன். இம்முறை என் வாள்வீரரை, குடை இல்லாமல், நான்காம் கோட்டையின் விஷ மழையில் நிறுத்தினேன். நாற்பது நொடி தாங்கினார். மைத்துனரின் வில்லாளி முப்பத்தொன்று. அந்தக் கோட்டையை நாங்கள் மூவருமாகப் பிடித்த நாளிலோ மழை ஒன்றரை மணி நேரம் பெய்தது. எங்களில் யாருக்கும் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. ஆகவே தேறாதது குடைக்காரர் அல்ல, நான் அளந்த முறைதான்.

6. குடைக்காரருக்குக் கத்தியோ வேகமோ கூட்டித்தர வேண்டாம் என்றும் மனைவி எழுதச் சொன்னார். பகல் முழுவதும் பிள்ளைகளைப் பத்திரமாக ஏற்றி இறக்கிவிட்டு வருபவருக்கு, மாலையிலும் அதே வேலைதான் பிடித்திருக்கிறது. அவர் குடைக்குள் நடக்கும் நேரம்தான் என் நாளிலேயே நல்ல நேரம். ஒன்றாம் தேதிக்குப் பின் அது இருக்காது என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை.

ஆகவே, என் அறிக்கையை ரத்து செய்து, குடைக்காரர் வகையை உள்ளபடியே விட்டுவைக்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். ஏதாவது ஒரு வகையை நீக்கியே தீர வேண்டுமென்றால் வாள்வீரரை நீக்கிவிட்டு, என்னையும் குடைக்காரராக்கிவிடவும். சண்டை போட அவர் ஒருவரே மிஞ்சுவார் என்பதால், இதில் மைத்துனருக்கு மட்டும் ஆட்சேபம் உண்டு.

இணைப்பு: மறு அளவு விவரம், மூன்று பக்கம் மட்டும்.

இடம்: வீடு
நாள்: இம்மாதம் இருபத்திரண்டு

தன் அறிக்கையைத் தானே மறுக்கும்,
(ஒப்பம்)
தரப் பரிசோதகர்

எழுத்துப்பிழை பார்த்துத் தரும்படி மனைவியிடம் இம்மனுவைக் கொடுத்தேன். அவர் தன் கையால் கீழே சேர்த்திருப்பதை அழிக்காமல் அனுப்புகிறேன்:

“சார், இவர் முதல்ல அளந்ததும் சரிதான். தனியா போனா நான் செத்துடுவேன் போல. ரெண்டு வருஷத்துல ஒரு நாள்கூட தனியா போனதில்லை, அதனால எனக்கே இது தெரியாது. – குடைக்காரர், அறுபத்தோராம் லெவல்.”