தெரியாது என்று சொன்னவர்கள்

தென்காசி
12.6.2025

அன்புள்ள அல்தாப் அண்ணனுக்கு,

ஸலாம். போனில் இதைப் பேசினாலே சண்டையாகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லி வாங்கித்தந்த கணக்கெடுப்பு வேலையில் சேர்ந்துவிட்டேன். பாவூர்சத்திரத்துக்குக் கிழக்கே 412 வீடுகள். ஆழத்துப் பாறையைத் தண்ணீரும் மணலும் ரசாயனமும் செலுத்திப் பிளந்து எரிவாயு எடுக்க, கம்பெனி இங்கே சோதனைக் கிணறு தோண்டலாமா என்று கேட்க வேண்டும். ஆதரவு, எதிர்ப்பு, தெரியாது என மூன்று கட்டங்கள்.

நேற்று வெங்காய வயலில் முப்பிடாதி அண்ணாச்சி, "ஏம்மா, பாறையப் பொளந்தா என் கெணத்துத் தண்ணி எங்கன போவும்? மொதல்ல அதச் சொல்லு, பொறவு நான் சொல்லுதேன்" என்றார். எங்கள் தாளில் அதற்குப் பதில் இல்லை. 'தெரியாது' என்று குறித்தேன். ஓமானில் எட்டு வருஷமாக இந்த எரிவாயுக் கிணறு வேலைதானே பார்க்கிறீர்கள்? என்ன சொல்லட்டும்?

உங்கள் தங்கை,
ஜுஹைனா

ஓமான்
18.6.2025

அன்புத் தங்கச்சிக்கு,

துளைக்குள் இறக்கும் குழாயைச் சுற்றி சிமென்ட் ஒழுங்காகப் பிடித்தால் மேலே இருக்கும் கிணற்றுத் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது. பிடிக்காத கிணறுகளும் பார்த்திருக்கிறேன். இங்கே சுற்றிலும் மணல்தான், கேட்க ஆளில்லை. இதை அங்கே போய்ச் சொல்லிவிடாதே.

கிணறு வந்தால் எனக்கு ஊரிலேயே சூப்பர்வைசர் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஷிஃபாவுக்கு ஆறு வயது. போன லீவில் வாசலில் நின்ற பெற்ற வாப்பா என்னைப் பார்த்து, "உம்மா, யாரோ வந்திருக்காவ" என்றாள்.

அண்ணன்,
அல்தாப்

தென்காசி
1.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எடுத்த கணக்கு: ஆதரவு 74, எதிர்ப்பு 109, தெரியாது 229. வெளிவந்த அறிக்கையில் ஆதரவு 303.

குற்றாலத்தில் கம்பெனி ஆட்கள் தங்கியிருக்கும் லாட்ஜுக்குப் போய்க் கேட்டேன். கம்பெனி மேலாளர் அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார். "தெரியாதுன்னா மறுப்பு இல்லைன்னுதானம்மா அர்த்தம்?" என்றார்.

ஒன்பதாம் தேதி கருத்துக்கேட்புக் கூட்டம். தாள்களைப் போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் வரப்போகிறீர்கள் என்று ஜைனப் மதினி மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்.

நம் தோப்புக் கிணற்றுக்குப் பக்கத்தில் தோண்ட நீங்கள் சம்மதிப்பீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

ஜுஹைனா

தென்காசி
10.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பதில் வரவில்லை. நேற்று பேசிவிட்டேன்.

கூட்டத்தில் ஒருவர், "நீ கம்பெனி ஆளா, ஊர் ஆளா?" என்று கேட்டார். "கணக்கெடுத்த ஆளு" என்றேன். மூன்று எண்களையும் வாசித்தேன். போனில் இருந்த தாள்களின் படங்களையும் காட்டினேன். கூட்டத்தை நடத்திய அரசு அதிகாரி கம்பெனி அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டார். மக்களுக்கு விளக்கிச் சொல்லிவிட்டு மறுபடி கேட்க வேண்டுமாம். அதுவரை கிணறு கிடையாது. கம்பெனி ஆட்கள் லாட்ஜைக் காலி செய்துவிட்டார்கள்.

சிமென்ட் விஷயத்தை நான் சொல்லவில்லை. அது நீங்கள் தங்கைக்கு எழுதியது.

ஜுஹைனா

ஓமான்
2.8.2025

ஜுஹைனாவுக்கு,

சம்மதிக்க மாட்டேன் என்று உன் கடிதம் வந்த அன்றைக்கே எழுதினேன். அனுப்பவில்லை.

சிமென்ட் விஷயத்தையும் நீ சொல்லியிருக்கலாம். என்னால் வெளியே சொல்ல முடியாது என்பதால்தான் உனக்கு எழுதினேன்.

இங்கேயே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்மேல் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். ஜைனபிடம் பேசிவிட்டேன். ஷிஃபாவிடம் நீயே சொல்லிவிடு.

அல்தாப்