சிவப்புக் குவளை

செவ்வாய், நெய்தல் நிலையம். நுண்ணுயிர் ஆய்வகப் பதிவு. இதைக் கண்டெடுப்பவருக்கு.

ஆண்டு 3, நாள் 41. 09:10
கழிவுநீர்ப் பிரிவில் நால்வருக்குக் காய்ச்சல். கிருமி குவளைகள் வழியாகப் பரவுகிறது. அப்பிரிவினருக்கு ஒரு மாதம் சிவப்புக் குவளை, சாப்பாட்டுக் கூடத்துக்கு வர நடுக்கதவுக்குப் பதில் தனியாகப் பக்கக் கதவு. தலைமையகத்தின் உத்தரவு. சரியான உத்தரவுதான்.

ஆண்டு 3, நாள் 80. 09:00
கிருமி இல்லை. கட்டுப்பாட்டை நீக்கலாம் என்று எழுதி அனுப்பினேன்.

ஆண்டு 9, நாள் 12. 09:05
கிருமி இல்லை. இந்த ஆண்டும் அதையே எழுதுகிறேன். சிவப்புக் குவளைகள் கீழ்த்தட்டிலேயே இருக்கின்றன. கேட்டால், மாற்றினால் குழப்பமாம்.

ஆண்டு 17, நாள் 60. 09:30
கழிவுநீர்ப் பிரிவினர் இயல்பாகவே கூச்ச சுபாவமுள்ளவர்கள், பக்கக் கதவைத்தான் விரும்புவார்கள் என்று ஒரு சிறுமி கட்டுரை எழுதியிருக்கிறாள். முதல் பரிசு. அவள் பிறக்கும் முன்பே கிருமி செத்துவிட்டது. பரிசு கொடுத்தவர்களுக்கு அது தெரியும்.

ஆண்டு 20, நாள் 230. 14:20
கழிவுநீர்ப் பிரிவில் வாயுக் கசிவு. பக்கக் கதவு சிக்கிக்கொண்டது. உள்ளே செம்மலரும் தேவசகாயமும். பூட்டிக் கிடக்கும் கூடத்தின் நடுக்கதவைத் திறந்தால் போதும்.

செம்மலர், உள்ளிருந்து பேசியில்: "மேடம், தேவசகாயம் அண்ணனுக்கு மூச்சு வாங்குது. நடுக்கதவத் தொறக்கச் சொல்லுங்க."

நிலையத் தலைவர் இளம்பரிதி: "அந்த வழியா அவங்க வந்து பழக்கமே இல்லையே டாக்டர். சங்கடப்படுவாங்க. பக்கக் கதவத்தான் சரி பண்ணிட்டிருக்கோம்ல."

அவர் குரலில் கொடூரம் இல்லை. அக்கறை இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

14:52
நடுக்கதவின் பூட்டை நானே இரும்புக் கம்பியால் உடைத்தேன். தேவசகாயம் இறந்திருந்தார். நினைவிழந்து கிடந்த செம்மலரை மருத்துவ அறையில் கிடத்திவிட்டுத் திரும்பினேன். அவளைத் தூக்கி வந்த வழியை அதற்குள் யாரோ கிருமிநாசினி போட்டுத் துடைத்திருந்தார்கள்.

என்ன கிருமி? எந்தக் கிருமி?

நாள் 231. 05:30
குவளைகள் எல்லாவற்றையும் உருக்கி வார்த்தேன். எல்லாம் வெள்ளை. ஒரே தட்டு.

07:00
கூடம் நிறைய ஆட்கள். யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. எது யார் வாய் வைத்தது என்று தெரியாதாம். இன்றுதான் வார்த்தது. யார் வாயும் பட்டதில்லை. சொன்னேன். கத்தினேன்.

13:00
குழந்தைகளையும் குடிக்க விடவில்லை.

18:15
மருத்துவ அறையிலிருந்து அழைப்பு. செம்மலருக்கு நினைவு திரும்பிவிட்டது. அவள் கட்டிலருகே நான் நிரப்பி வைத்த இரண்டு குவளைகள்.

"மேடம், தொண்டை காயுது. இதுல எங்களுது எது?"