இரட்டிப்பு விளைச்சலுக்கு ஸ்தோத்திரம்

அக். 22, புதன்

காலையிலேயே மூட்டம். எட்டு மணிக்குத் தூறல். உப்பளத்துக்கு ஓடி, உப்பு அம்பாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று. கயிறு பத்தவில்லை. வாங்க வேண்டியவை: கயிறு, பி.பி. மாத்திரை, மனைவி கிருபா சொன்ன ஏதோ ஒன்று (மறந்துவிட்டது, திட்டு நிச்சயம்).

பதினொரு மணிக்குச் செல்வி வந்தாள். கூட மூன்று பெண்கள். என் அளத்தில் உப்பு வாரும் பதினோரு பேருக்காகவும் பேசுகிறவள் அவள்தான். மழை மாதங்களில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. இந்த வருஷம் பாதிக் கூலியாவது வேண்டுமாம்.

"மழைன்னா அளத்துக்குத்தான் லீவு அண்ணாச்சி. வயிறு லீவு போட மாட்டேங்கு."

"விளைச்சல் எங்க இருக்கு செல்வி? அம்பாரத்தைப் பாரு, கிடக்கதே அவ்வளவுதான்."

ஆடியிலேயே ஒரு பெரிய அம்பாரம் நல்ல விலைக்குப் போனதை நான் சொல்லவில்லை. செல்வி அம்பாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரி அண்ணாச்சி." அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் தேவலை.

முழுப் பொய்யும் இல்லை. மோட்டார் காயில் எரிந்துவிட்டது. அடுத்த வருஷ விலை யாருக்குத் தெரியும்? கரை உடைந்தால்?

23, வியாழன்

விட்டு விட்டு மழை. கயிறு வாங்கியாயிற்று. கிருபா சொன்னது பெருங்காயம்.

ஞாயிறு சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. மதியம் அசனம், எல்லாரும் ஒரே பந்தியில். கிருபா புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: காணிக்கைக் கவரைப் போன வாரமே பெட்டியில் போட்டுவிட்டாளாம்.

"ஏளா, காரணம் என்ன எழுதுன?"

"விளைச்சல் இரட்டிப்பா தந்ததுக்கு ஸ்தோத்திரம்னு. நீங்கதான ஆடி மாசம் அல்வா வாங்கிட்டு வந்து குதிச்சிய?"

குதித்தேன்தான்.

ஆராதனையில் போதகர் ஒவ்வொரு கவரையும் பிரித்து, பெயரையும் காரணத்தையும் மைக்கில் வாசிப்பார். அளத்துப் பெண்கள் பதினோரு பேரும் இதே சபை. செல்வி பாடகர் குழுவில், முதல் வரிசை. கிருபாவிடம் எரிந்து விழுந்தேன். அவள் மேல் என்ன தப்பு?

24, வெள்ளி

நல்ல மழை. நனைந்துகொண்டே சபைக் கோயிலுக்குப் போனேன். உபதேசியார் மட்டும் இருந்தார். கவரில் பணம் குறைவாக வைத்துவிட்டோம், எடுத்துக் கூட வைக்க வேண்டும் என்றேன். (பொய் எண் இரண்டு.)

"பெட்டிச் சாவி போதகர் ஐயாட்ட இருக்கு அண்ணாச்சி. ஐயா ஒரு கல்யாணத்துக்குச் சாயர்புரம் போயிருக்காவ. கூட வைக்கணும்னா இன்னொரு கவர் போடுங்க, என்ன இப்போ?"

புதுக் கவரையே கையில் கொடுத்துவிட்டார். ஒன்றை எடுக்கப் போய் இன்னொன்றைப் போட்டுவிட்டு வந்தேன். காரணம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டேன். எனக்கு நன்றாக வேண்டும்.

25, சனி

ஞாயிறு அன்று காய்ச்சல் வந்தால் என்ன என்று யோசனை. கிருபா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, அசன அரிசியைக் கொண்டு குடுத்துட்டு வாங்க" என்றாள்.

கோயில் பின்பக்கம் செல்வி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிசியை இறக்கிவிட்டு நின்றேன். அவளாகத்தான் பேசினாள்.

"தையில சகதி அள்ள, வரப்பு கட்ட வெளியாளைக் கூட்டியாரிய. அந்த வேலையை எங்களுக்குத் தாங்க அண்ணாச்சி. அந்தக் கூலில ஒரு பங்கை மழைக்குள்ளேயே வாராவாரம் குடுத்துருங்க."

குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன். கிடைக்கவில்லை. எப்படியும் கொடுக்கிற கூலி. "விலை இறங்கிட்டா நானும் தலையில துண்டுதான் செல்வி" என்றேன்.

"தெரியும். ஒங்க அளம் படுத்துட்டா நாங்க மட்டும் எங்கன போவோம்?"

ஆடி விஷயம் வாய் வரை வந்தது. அதற்குள் யாரோ தேங்காய் கேட்டார்கள். வந்துவிட்டேன். கோழை.

26, ஞாயிறு

வெயில், இன்றைக்கென்று பார்த்து. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். போதகர் வாசித்துக்கொண்டே வந்தார். பேரன் பிறந்ததற்கு. ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்கு. பிறகு:

"உப்பளத்துப் பெண்கள் பதினோரு பேர். இந்த வருஷம் இரட்டிப்பாக உப்பு வாரவும் சுமக்கவும் பெலன் தந்ததற்காக ஸ்தோத்திரம்."

அடுத்தது எங்கள் கவர். அதே இரட்டிப்பு. அதற்கும் அடுத்தது என் இரண்டாவது கவர். "காரணம் எழுதவில்லை. கர்த்தர் அறிவார்." சபை சிரித்தது.

ஆடியில் விற்ற உப்பும் முழுக்க அவர்கள் தலையில் சுமந்ததுதானே? யாரிடம் போய் மறைத்தேன்? வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

பந்தியில் செல்வி சாம்பார் வாளியோடு வந்தாள். "இன்னும் ஊத்தவா அண்ணாச்சி?" முகத்தில் வேறொன்றும் இல்லை.

"நாளைக்குப் பதினோரு பேரும் வீட்டுக்கு வாங்க" என்றேன்.

27, திங்கள்

மழை. பதினோரு பேரும் வந்தார்கள். வீட்டில் நாற்காலி ஆறு. யாரும் உட்காரவில்லை, நானும் நின்றேன். கிருபா காப்பி கொடுத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆடியில் எத்தனை லோடு போனது என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"அது தெரியும் அண்ணாச்சி" என்றாள் செல்வி. "கூலியைச் சொல்லுங்க."

பாதிக் கூலி, தை வரைக்கும். தை வேலையும் உங்களுக்கே என்றேன்.

"அந்தப் பாதியைத் தை கூலில பிடிப்பியளா?" செல்விதான் கேட்டாள்.

கிருபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடிக்க மாட்டேன்."